துப்பறியும் கதையும் தொலைக்காட்சிக் கலையும்

துப்பறியும் கதை, ஆசிரியனுக்கும் வாசகனுக்கும் இடையே நிலவும் ஓர் உடன்பாட்டின்மீது எழுந்த இலக்கிய வகையாகும். ஆசிரியன் உண்மையை இறுதிவரை மறைத்து வைக்கலாம்; ஆனால், பொய் சொல்லலாகாது. துப்பறிவோன் கண்ட தடயங்களை வாசகனும் கண்டிருக்க வேண்டும். கண்டும் அவற்றின் பொருளை உணராதிருந்திருக்க வேண்டும். புதிர் விடுபடும் வேளையில், "இது எனக்கு எவ்வாறு புலப்படாமற் போயிற்று?" என்று வாசகன் தன்னையே கடிந்துகொள்வானாயின், அக்கதை வெற்றி பெற்றதாகும். "இது எனக்குச் சொல்லப்படவேயில்லையே" என்று அவன் ஆசிரியனைக் கடிந்துகொள்வானாயின், அக்கதை தோற்றதாகும்.

இவ்வுடன்பாடு அச்சிட்ட பக்கத்திலே பிறந்தது. சொல்லை நம்பி வளர்ந்தது. சொல்லிலே வாழ்ந்த கதை காட்சியாக மாறும்பொழுது இவ்வுடன்பாட்டுக்கு என்ன நேர்கின்றது? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுத் தொலைக்காட்சி நாடகம் அமைப்போரை வருத்திய வினா இதுவே. இதற்கு அவர்கள் கண்ட விடைகளை ஆராய்வதற்கு ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளிலும் சிறந்த சான்று வேறில்லை. தொலைக்காட்சி தோன்றிய காலந்தொட்டு மீண்டும் மீண்டும் நடிக்கப்பட்டுவரும் கதைகள் அவை.

துப்பறியும் கதையின் முதல் வடிவத்தை 1841 ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ அமைத்தார். அறிவிற் சிறந்த துப்பறிவோன் ஒருவன். அவனோடு உடனுறைந்து, அவன் செயல்களைக் கண்டு வியந்து, அவற்றை உலகுக்கு எடுத்துரைக்கும் நண்பன் ஒருவன். இந்த இரட்டை அமைப்பைப் போ தோற்றுவித்தார். அதற்கு நிலைத்த உயிர் அளித்தவர் எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்ற ஆதர் கொனன் டொயில். 1887 ஆம் ஆண்டில் ஹோம்ஸ் தோன்றும் முதல் நாவல் வெளிவந்தது. 1891 ஆம் ஆண்டு யூலை மாதம் "ஸ்ட்ராண்ட்" என்னும் இலண்டன் சஞ்சிகையில் சிறுகதைகள் தொடங்கின. சிட்னி பாஜெட் என்னும் ஓவியர் அக்கதைகளுக்குச் சித்திரம் வரைந்தார். 1927 ஆம் ஆண்டு வரையில் நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளுமாக அறுபது கதைகள் வெளிவந்தன.

இவ்வறுபதில் ஐம்பத்தாறு கதைகளைச் சொல்பவன் டொக்டர் வொட்சன். ஆப்கானிஸ்தான் போரிலே காயமுற்று நாடு திரும்பிய படை மருத்துவன் அவன். அவனை வெறுந் துணைப் பாத்திரமாகக் கருதுவோர் இக்கதைகளின் அமைப்பை உணராதவராவர். வொட்சனே இக்கதைகளின் கண். அவனே அவற்றின் திரையும் ஆவான். ஹோம்ஸ் பார்க்கும் பொருள்கள் யாவற்றையும் அவனும் பார்க்கின்றான். பார்த்தவற்றை ஒளிக்காமல் எழுதுகின்றான். ஆயின், எது முக்கியம், எது முக்கியமன்று என்பதை அவன் அறியான். ஆதலின் அறையிற் கிடந்த நாற்காலியும் சுவரில் இருந்த துவாரமும் அவன் எழுத்திலே ஒரே நிறையுடையனவாய் நிற்கின்றன. சுருங்கக் கூறின், வொட்சன் எல்லாவற்றையும் காட்டுகின்றான், எதனையும் சுட்டுவதில்லை. காட்டுதற்கும் சுட்டுதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டிலேயே துப்பறியும் கதையின் கலை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

அவன் சொல்லாது விட்டனவும் உள. ஹோம்ஸ் துப்புத் துலக்கியனவாகப் பல வழக்குகளை அவன் பெயரளவில் மட்டும் குறித்துச் செல்வான். "ஸ்ட்ராண்ட்" சஞ்சிகையின் முதற் சிறுகதையிலேயே அத்தகைய குறிப்பொன்று வருகின்றது. ஈழத்து வாசகருக்கு அது தனிச் சுவை தருவது: திருகோணமலையிலே அற்கின்சன் சகோதரர்க்கு நேர்ந்த விபரீதமான துயர நிகழ்ச்சியை ஹோம்ஸ் துலக்கினான் என்பது அக்குறிப்பு. என்ன நிகழ்ந்தது, எவ்வாறு துலங்கிற்று என்பதைக் கொனன் டொயில் எங்கும் எழுதவில்லை. அவ்வழக்கு முழுவதும் வொட்சனின் ஒரு வரியிலேயே அடங்கிவிட்டது.

இத்தகைய கதை கமராவின் முன் வரும்பொழுது இடர்ப்பாடுகள் பல எழுகின்றன. கமரா தன் இயல்பிலேயே சுட்டும் கருவியாகும். ஒரு பொருளை அண்மையிற் காட்டினால், "இதனைக் கவனி" என்று அது சொல்லிவிடுகின்றது. தொலைவிற் காட்டினால் பொருள் கண்ணிற் படாமலே போகின்றது. 1892 ஆம் ஆண்டில் வெளிவந்த "புள்ளிப் பட்டி" என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். படுக்கையறையிலே இழுத்தால் ஒலிக்காத மணிக் கயிறு ஒன்று தொங்குகின்றது. அடுத்த அறைக்குச் செல்லும் காற்றுத் துவாரம் ஒன்று இருக்கின்றது. கட்டில் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கின்றது. வொட்சன் இம்மூன்றையும் எழுதுகின்றான். வாசகன் மூன்றையும் படித்துவிட்டு மேலே செல்கின்றான். தொலைக்காட்சியிலோ, கமரா ஒரு விநாடி கூடுதலாக அக்கயிற்றில் நிலைத்தால் புதிர் உடைந்துவிடும். ஒரு விநாடி குறைந்தால் பார்வையாளன் ஏமாற்றப்பட்டவனாவான்.

காணும் பொருளால் விளையும் இடர் இதுவாயின், காணாமையால் விளையும் இடர் வேறொன்று. பந்தயக் குதிரை ஒன்று களவுபோன கதையிலே, அன்றிரவு லாயத்திலிருந்த நாய் குரைக்கவில்லை என்பதே தலையாய தடயம். வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன் என்று ஹோம்ஸ் அதிலிருந்து தெளிகின்றான். மேல்மாடத்திலே படுத்திருந்த பையன்கள் ஓசை எதனையும் கேட்கவில்லை என்று எழுத்திலே ஒரு வாக்கியம் போதும். அவ்வாக்கியம் வாசகன் கண்முன்னே ஒளிந்து நிற்கும். நடவாத ஒன்றைப் படம் பிடிப்பது எப்படி? அவ்விரவைக் காட்டினால் கள்வனையும் காட்ட வேண்டும். காட்டாது விட்டாலோ அந்த மௌனத்துக்கு இடமே இல்லை. ஆகவே, நாடகத்திலும் அத்தடயம் ஒருவர் வாய்ச்சொல்லாகவே வந்து சேர வேண்டியிருக்கின்றது.

மூன்றாவது இடர் மாறுவேடம். "கோணிய உதட்டு மனிதன்" என்னும் கதையில் மதிப்பு வாய்ந்த கனவான் ஒருவனும் அருவருப்பான முகமுடைய பிச்சைக்காரன் ஒருவனும் வருகின்றனர். இருவரும் ஒருவரே என்பது முடிவு. எழுத்திலே தழும்பும் செம்முடியும் கோணிய உதடும் சொற்களால் அமைந்தவை. அவற்றைக் கழுவித் துடைத்தவுடன் வேறொரு முகம் தோன்றுவதில் வாசகனுக்கு ஐயம் எழாது. திரையிலோ, ஒரே நடிகர் இரு வேடங்களிலும் தோன்றினால் கூர்ந்து நோக்குபவன் கண்டுபிடித்துவிடுவான். வேறு வேறு நடிகரை நிறுத்தினால் நாடகம் பொய் சொன்னதாகிவிடும்.

இவை எல்லாவற்றிலும் ஆழமான இடர் ஒன்று உண்டு. ஹோம்ஸ் கதைகளிற் பல, பேக்கர் வீதி இல்லத்துக்கு ஒருவர் வந்து தமக்கு நேர்ந்ததை எடுத்துரைப்பதுடன் தொடங்குகின்றன. அவர் சொல் அவருடையது. அது மெய்யாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். தொலைக்காட்சி அச்சொல்லைக் காட்சியாக மாற்றிக் காட்டும்போது, சாட்சியின் கூற்று நிகழ்ச்சியாகவே மாறிவிடுகின்றது. சொல்லுக்கு உரியவர் ஒருவர் உளர். படமோ எவருக்கும் உரித்தன்று என்பதுபோலத் தோற்றி, உண்மை என்னும் மதிப்பைப் பெற்றுவிடுகின்றது.

இவ்விடர்களைத் தொலைக்காட்சியின் முதற் காலத்தவர் முழுதும் உணர்ந்திருந்தனர் எனல் இயலாது. அவர்களை வாட்டியவை வேறு துன்பங்கள். 1937 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயோர்க் நகரிலே என்.பி.சி. நிறுவனம் "மூன்று கரிடெப்கள்" என்னும் கதையைச் சோதனை ஒளிபரப்பாக நிகழ்த்தியது. வானொலியில் ஹோம்ஸாக நடித்துப் பழகிய லூயிஸ் ஹெக்ரர் அதில் ஹோம்ஸாகத் தோன்றினார். ஹோம்ஸ் தொலைக்காட்சிக்கு வந்த முதல் நிகழ்ச்சி அதுவே.

இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1951 ஆம் ஆண்டில் ஆறு பகுதிகள் கொண்ட தொடரொன்றை ஒளிபரப்பியது. அலன் வீட்லி ஹோம்ஸாக நடித்தார். திரைப்பட விமரிசகராகப் புகழ்பெற்ற லெஜூன் அம்மையார் கதைகளை நாடகமாக்கினார். அக்காலத்து நாடகங்கள் கலையகத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பப்பட்டவை. நிறுத்தி, மீண்டும் எடுப்பதற்கு இடமில்லை. ஒரு காட்சியின் கடைசிப் பேச்சு ஹோம்ஸுடையது. அடுத்த காட்சியின் முதற் பேச்சும் அவனுடையதே. ஆனால், முழு மாறுவேடத்தில்! பக்கத்திலே ஒரு வரி இடைவெளியில் நிகழக்கூடிய இம்மாற்றத்துக்குக் கலையகத்தில் நேரமே இருக்கவில்லை. வீட்லி பின்னாளில் இத்துன்பத்தை நினைவுகூர்ந்தார். நேரடியாக ஒளிபரப்பான அத்தொடரின் பகுதி ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை.

1954 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகப் பிரான்ஸ் நாட்டிலே படமாக்கப்பட்ட தொடர் மற்றொரு வழியை நாடியது. ரொனால்ட் ஹவார்ட் ஹோம்ஸாக நடித்த அத்தொடரில் அரைமணி நேரப் பகுதிகள் முப்பத்தொன்பது இருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை புதிதாக எழுதப்பட்ட கதைகள். கொனன் டொயிலின் புதிர்களைக் காட்சிக்கு மாற்றும் சங்கடத்தை அவர்கள் இவ்வாறு தவிர்த்தனர்; பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

பி.பி.சி. 1965 ஆம் ஆண்டில் மீண்டும் மூலக் கதைகளுக்குத் திரும்பியது. டக்ளஸ் வில்மர் ஹோம்ஸாகவும் நைஜல் ஸ்டொக் வொட்சனாகவும் நடித்த பன்னிரண்டு பகுதிகள் வெளிவந்தன. ஹோம்ஸின் குளிர்ந்த அறிவையும் அதன் கடுமையையும் மறைக்காமல் வில்மர் காட்டினார். ஆயின், நாடகப் பிரதிகள் ஒரே தரத்தனவாக இல்லை என்பது அவர் குறை. அடுத்த தொடருக்கு ஒத்திகைக் காலம் குறைக்கப்படும் என்று அறிந்தபோது அவர் விலகிக்கொண்டார். 1968 ஆம் ஆண்டில் பீட்டர் குஷிங் அவ்விடத்துக்கு வந்தார். வர்ணத்திலே தயாரிக்கப்பட்ட அத்தொடரின் பதினாறு பகுதிகளில் இன்று எஞ்சியிருப்பவை ஆறு மட்டுமே. நிகழ்ச்சி நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. தொலைக்காட்சி தன் படைப்புகளை நாளிதழ்போலக் கருதிய காலம் அது. நூல்போலப் பேண வேண்டும் என்ற எண்ணம் பின்னரே எழுந்தது.

இதற்கிடையில் வொட்சனுக்குப் பெருந் தீங்கொன்று நேர்ந்திருந்தது. அது திரைப்படத்தால் விளைந்தது. 1939 முதல் 1946 வரை பசில் றத்போன் ஹோம்ஸாக நடித்த பதினான்கு திரைப்படங்களில் நைஜல் புரூஸ் வொட்சனாக வந்தார். அன்புள்ளம் படைத்தவன், ஆனால் மந்த புத்தியுடையவன், நகைப்புக்கு இடமானவன் என்று அவன் அமைக்கப்பட்டான். அப்படங்கள் உலகெங்கும் பரவியமையால் வொட்சன் என்றாலே அசடன் என்னும் எண்ணம் வேரூன்றியது. கதையைச் சொல்பவன் அசடனாகிவிட்டால், அவன் கண்ணால் உலகைக் காணும் வாசகனும் அசடனாகின்றான் அல்லனோ? வொட்சனைத் தாழ்த்தியோர் தம்மை அறியாமலே பார்வையாளனையும் தாழ்த்தினர். 1954 ஆம் ஆண்டுத் தொடரில் நடித்த மரியன் குரோஃபர்ட் போன்றோர் அறிவுள்ள வொட்சனைக் காட்ட முயன்றபோதும், பழைய எண்ணம் எளிதில் அகலவில்லை.

மூலத்துக்கு நேர்மையாக நிற்கும் முயற்சி ஒன்று எதிர்பாராத இடத்திலே தோன்றிற்று. சோவியத் நாட்டின் லெனின்கிராட் நகரிலே இகோர் மஸ்லென்னிக்கொவ் என்னும் இயக்குநர் 1979 முதல் 1986 வரையில் ஹோம்ஸ் கதைகளைத் தொலைக்காட்சிப் படங்களாக்கினார். வசிலி லிவானொவ் ஹோம்ஸாகவும், வித்தாலி சொலோமின் வொட்சனாகவும் நடித்தனர். லத்வியத் தலைநகராகிய றீகாவின் பழைய தெருவொன்று பேக்கர் வீதியாயிற்று. முதற் படத்திலேயே கதை வொட்சனுடையதாக அமைந்தது. புதிதாக உடன் குடியேறிய இவ்விசித்திர மனிதன் யார், இவன் தொழில் யாது என்று வொட்சன் வியந்து ஆராய்வதே அதன் பொருள். ஆங்கிலேய வாழ்க்கையைப் பனிப்போர்க் காலத்து ரஷ்யர் இத்துணைப் பரிவோடு சித்திரித்தது பலருக்கும் வியப்பளித்தது. 2006 ஆம் ஆண்டில் லிவானொவுக்குப் பிரித்தானிய அரசு கௌரவ விருது வழங்கிற்று.

இங்கிலாந்திலும் மாற்றத்துக்குக் காலம் கனிந்துகொண்டிருந்தது. கொனன் டொயில் 1930 ஆம் ஆண்டில் இறந்தவர். அக்காலச் சட்டத்தின்படி ஐம்பது ஆண்டு கழிந்தபின், 1980 ஆம் ஆண்டின் முடிவில், அவர் எழுத்துகளின் பதிப்புரிமை பிரித்தானியாவில் முடிவுற்றது. மான்செஸ்டர் நகரிலிருந்த கிரனாடா தொலைக்காட்சி நிறுவனத்தின் தயாரிப்பாளர் மைக்கேல் கொக்ஸ் இத்தருணத்தைப் பயன்படுத்தினார். அவர் கொண்ட நோக்கம் எளியது. செய்து முடிப்பதோ அரியது. "ஸ்ட்ராண்ட்" சஞ்சிகையின் வாசகர் கண்ட ஹோம்ஸையும் வொட்சனையும் அவர்கள் கண்டவாறே மீட்டுத் தருதல் வேண்டும் என்பதே அது.

இதற்கு முதற்கண் ஒரு கையேடு தொகுக்கப்பட்டது. ஹோம்ஸ் எதை உண்டான், எவ்வாறு உடுத்தான், எவ்வெப்பொழுது சினந்தான், வொட்சன் அவனைப்பற்றி என்ன கருதினான் என்பனவெல்லாம் கதைகளிலிருந்து திரட்டப்பட்டு எழுபத்தேழு பக்கங்களில் வகுக்கப்பட்டன. நாடகப் பிரதி எழுதுவோர்க்கும் நடிகர்க்கும் அதுவே சட்டம். மான்செஸ்டரில் பேக்கர் வீதி ஒன்று முழுமையாகக் கட்டியெழுப்பப்பட்டது. சிட்னி பாஜெட்டின் சித்திரங்கள் பலவற்றில் உருவங்கள் நின்ற நிலையும் இருந்த நிலையும் கமராவின் முன் அவ்வாறே அமைக்கப்பட்டன. ஜோன் ஹோக்ஸ்வர்த் கதைகளை நாடகமாக வகுக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1984 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 24 ஆம் திகதி முதற் பகுதி ஒளிபரப்பாயிற்று.

ஹோம்ஸாகத் தோன்றிய ஜெரமி பிரெட் மூலத்தின் காவலனாகவே மாறினார். கொனன் டொயிலின் நூலைக் கையிலேந்தி ஒத்திகைக்கு வருவார். பிரதி காரணமின்றி மூலத்தை விட்டு விலகுமிடத்து வாதிடுவார். ஆயினும், இத்தொடரின் உண்மையான வெற்றி வொட்சன் பாத்திரத்திலேயே அமைந்தது. முதற் பதின்மூன்று பகுதிகளில் டேவிட் பேர்க்கும், 1986 ஆம் ஆண்டு முதல் எட்வர்ட் ஹார்ட்விக்கும் அப்பாத்திரத்தை ஏற்றனர். கூரிய அறிவும் பொறுமையும் படைத்த மருத்துவனாக, போரைக் கண்ட மனிதனாக, நண்பனின் குறைகளை அறிந்தும் அவனை நேசிப்பவனாக வொட்சன் மீண்டும் எழுந்தான். "வெற்று வீடு" என்னும் கதையில், இறந்தான் என்று கருதப்பட்ட ஹோம்ஸ் மூன்றாண்டு கழிந்து திரும்பி வருகின்றான். தொலைக்காட்சியில் ஹோம்ஸ் அவனாகவே திரும்பினான். அவனை வரவேற்ற வொட்சனுக்கு வேறு முகம் இருந்தது. எனினும் பார்வையாளர் அதனை ஏற்றுக்கொண்டனர். முகம் மாறினும், பார்க்கும் பார்வை மாறவில்லை.

வொட்சன் மீண்டும் மதிப்புப் பெற்றதால் காட்டுதல், சுட்டுதல் என்னும் பழைய சிக்கலுக்கும் ஒரு வழி பிறந்தது. கமரா ஹோம்ஸின் கண்ணாக மாறாமல் வொட்சனின் அருகில் நிற்கக் கற்றுக்கொண்டது. ஹோம்ஸ் தரையில் தவழ்ந்து எதனையோ ஆராயும்பொழுது, ஆராயப்படும் பொருளினும் ஆராய்பவனின் முகமே பெரிதாகக் காட்டப்படும். ஏதோ ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்பது பார்வையாளனுக்குத் தெரியும்; அதன் பொருள் வொட்சனுக்குத் தெரியாதவாறே அவனுக்கும் தெரியாது. "கோணிய உதட்டு மனிதன்" கதையில் கிளைவ் பிரான்ஸிஸ் என்னும் ஒரே நடிகர் இரு வேடங்களையும் தாங்கினார். கண்டுபிடிக்கக் கூடியவன் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுதலே நேர்மையான வழி என்பதற்கு அது சான்று.

கிரனாடா தொடர் மூலத்தை ஓரெழுத்தும் மாற்றவில்லை என்று கருதுதல் தவறு. செம்முடியோர் சங்கம் பற்றிய கதையில், வங்கிக் கொள்ளைக்குப் பின்னின்று இயக்குபவனாகப் பேராசிரியர் மொரியார்ட்டி புகுத்தப்பட்டான். கொனன் டொயிலின் கதையில் அவனுக்கு அங்கே இடமில்லை. சிறுகதைகளில் அவன் "இறுதிப் பிரச்சினை"யிலேயே திடீரெனத் தோன்றி, சுவிற்சர்லாந்தின் றைக்கன்பாக் நீர்வீழ்ச்சியில் ஹோம்ஸோடு மறைகின்றான். வாரந்தோறும் பார்க்கும் மக்களுக்கு இத்துணைப் பெரும் பகைவன் முன்னறிவிப்பின்றி வருதல் பொருந்தாது என்று தயாரிப்பாளர் கருதினர். இம்மாற்றம் புதிரைக் கெடுக்கவில்லை. வரவிருந்த முடிவுக்கு வலுவூட்டியது.

மற்றொரு மாற்றம் நடிகரின் மனச்சான்றிலிருந்து எழுந்தது. ஹோம்ஸ் கொக்கெயின் பழக்கமுடையவன் என்பது மூலக் கதைகளில் உள்ள செய்தி. சிறுவர் பலர் தம் நாடகத்தைப் பார்க்கின்றனர் என்று அறிந்த பிரெட், 1988 ஆம் ஆண்டில் ஒளிபரப்பான "பிசாசின் பாதம்" என்னும் பகுதியில், ஹோம்ஸ் தன் மருந்தூசியைக் கோர்ன்வால் கடற்கரை மணலிலே புதைத்துவிடுவதாகக் காட்சி அமைக்கச் செய்தார். கொனன் டொயிலின் மகளாகிய ஜீன் அம்மையாரின் இசைவு பெற்றே இது செய்யப்பட்டது. மூலத்தைக் காப்பதற்காக எழுத்தெண்ணி வாதிட்டவரே மாற்றத்தையும் வேண்டினார். மூலத்துக்கு நேர்மையாதல் என்பது எழுத்துக்கு அடிமையாதல் அன்று. மாற்றத்துக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டிருத்தல் என்பது இதனாற் புலனாகும்.

இத்தகைய உயர்ந்த முயற்சியும் தளர்ந்த காலம் வந்தது. அத்தளர்ச்சிக்குக் காரணம் இரண்டு. ஒன்று மனித உடலின் நலிவு. 1985 ஆம் ஆண்டில் மனைவியை இழந்த பிரெட் அடுத்த ஆண்டில் கடுமையான மனநோய்க்கு ஆளானார். மருந்துகளும் இருதய நோயும் அவர் உடலை மாற்றின. மற்றொன்று ஒளிபரப்பு நிறுவனத்தின் ஆசை. இரண்டு மணி நேரத் துப்பறியும் படங்கள் இங்கிலாந்திலே பெரும் வரவேற்புப் பெற்றிருந்த காலம் அது. ஒரு மணி நேரத்துக்கு அளவாயமைந்த சிறுகதைகளை அந்நீளத்துக்கு இழுக்கும் முயற்சி 1992, 1993 ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. மூன்று கதைகள் இவ்வாறு நீட்டப்பட்டன.

சிறுகதையை நீட்டினால் இடையில் எதையேனும் நிரப்ப வேண்டும். "உயர்குல மணமகன்" என்னும் கதையில், திருமண நாளிலே மறைந்த மணப்பெண்ணைப் பற்றிய சிறு புதிர் ஒன்றே உண்டு. நீண்ட படத்திலோ ஹோம்ஸ் கெட்ட கனவுகளால் அலைக்கழிக்கப்படுகின்றான். அக்கனவுகள் குற்றத்தை முன்னறிவிக்கின்றன. இங்கே உடன்பாடு முறிந்தது. தடயத்தைக் கண்டு அறிவால் முடிவுக்கு வருபவனே துப்பறிவோன். கனவில் உண்மையைக் காண்பவன் குறி சொல்வோன். பார்வையாளன் ஹோம்ஸின் தடயங்களைப் பகிர்ந்துகொள்ளலாம். அவன் கனவுகளைப் பகிர்ந்துகொள்வதெங்ஙனம்? எட்டு ஆண்டுகளாக மூலத்தைக் காத்து நின்ற தொடர், மூலத்தின் அளவை மறந்தபொழுது அதன் அறத்தையும் மறந்தது.

1994 ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு மணி நேர அளவுக்குத் திரும்பி ஆறு பகுதிகள் எடுக்கப்பட்டன. ஆயின், பிரெட்டின் உடல்நிலை இடந்தரவில்லை. "மஸாரின் கல்" என்னும் பகுதியில் ஹோம்ஸ் சில கணங்களே தோன்றுகின்றான். அவனது அண்ணன் மைக்ரொஃப்ட் வழக்கை ஏற்று நடத்துகின்றான். அப்பகுதியோடு இணைக்கப்பட்ட மற்றொரு கதை, 1937 ஆம் ஆண்டில் முதன்முதல் ஒளிபரப்பான அதே "மூன்று கரிடெப்கள்". மூலத்தில் அக்கதையின் உச்சம் புதிர் விடுபடுவதன்று. வொட்சன் குண்டடிபட்டபொழுது, உணர்ச்சியற்றவன் என்று உலகம் கருதிய ஹோம்ஸ் கலங்கித் துடிக்கும் ஒரு கணம். பத்தாண்டுகளாக அந்த நட்பையே நடித்துக் காட்டிய பிரெட், அந்த ஒரு கணத்தை நடிக்க இயலாதவராய் நோயுற்றிருந்தார். 1995 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் திகதி, தமது அறுபத்தோராவது வயதில், அவர் காலமானார். நாற்பத்தொரு பகுதிகளோடு தொடர் நின்றுபோயிற்று. அறுபது கதைகளையும் நடித்து முடிக்கும் கனவு நிறைவேறவில்லை.

இதே காலப்பகுதியில் அகதா கிறிஸ்ரியின் கதைகளும் தொலைக்காட்சியில் நிலைபெற்றன. மிஸ் மார்ப்பிள் தோன்றும் பன்னிரண்டு நாவல்களையும் ஜோன் ஹிக்சன் 1984 முதல் 1992 வரையில் நடித்து முடித்தார். டேவிட் சூஷே 1989 முதல் 2013 வரையில் எழுபது பகுதிகளில் பொய்ரோவாக நடித்தார். ஆயினும், 1926 ஆம் ஆண்டில் வெளிவந்த "றொஜர் அக்ரொய்ட் கொலை" என்னும் நாவலை 2000 ஆம் ஆண்டில் படமாக்கியபொழுது தொலைக்காட்சி தன் எல்லையைக் கண்டது. அந்நாவலின் புதிர் முழுவதும் கதை சொல்வோனின் சொல்லிலேயே, அவன் எழுதியதிலும் எழுதாது விட்டதிலுமே, பொதிந்து கிடக்கின்றது. படத்திலே நாட்குறிப்பொன்றைப் பொய்ரோ படிப்பதாகக் குரல் சேர்க்கப்பட்டது. எழுதும் கைக்கு ஈடான ஒன்று கமராவிடம் இல்லை என்பதை அது ஒப்புக்கொண்டதாயிற்று.

2010 ஆம் ஆண்டில் பி.பி.சி. ஹோம்ஸை இக்கால இலண்டனுக்குக் கொண்டுவந்தது. கொனன் டொயிலின் வொட்சனும் ஆப்கானிஸ்தான் போரிலிருந்து திரும்பியவன்; இப்புதிய வொட்சனும் அவ்வாறே. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்பும் அக்குறிப்பை மாற்ற வேண்டிய தேவை எழாதது வரலாற்றின் கொடிய விளையாட்டு. அத்தொடரில் ஹோம்ஸ் ஒரு பொருளை நோக்கும்பொழுது அவன் எண்ணம் திரையிலே எழுத்தாகத் தோன்றும். இறந்த பெண்ணின் மோதிரத்தை அவன் ஆராய்கையில், அதன் உட்புறம் தூயது, வெளிப்புறம் அழுக்கானது என்பவை அப்பொருளின் அருகே எழுதப்படுகின்றன. காட்டுதலுக்கும் சுட்டுதலுக்கும் இடையே தடுமாறிய கமரா இங்கே வெளிப்படையாகச் சுட்டுதலையே கலையாக்கிக்கொண்டது. பார்வையாளன் வொட்சனின் அருகை விட்டு ஹோம்ஸின் மூளைக்குள் புகுந்தான். அது தருவதும் ஓர் இன்பமே. ஆயின், ஓடும் குதிரையில் உடன் ஏறிச் செல்லும் இன்பம் அது. தானே வழி தேடி, தவறி, இறுதியில் நாணித் தெளியும் வாசகனின் இன்பம் வேறு.

இவ்வரலாற்றை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. துப்பறியும் கதையை ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குக் கொண்டு செல்வோர், கொலையையும் கொலைஞனையும் தடயங்களையும் மட்டும் சுமந்து செல்வதில்லை. கேட்பவனை மதித்து, அவனுக்கு எதனையும் ஒளிக்காமல், அவன் அறிவுக்கு இடம்விட்டு நிற்கும் ஒரு முறைமையையும் சுமந்து செல்கின்றனர். பிரதியில் ஒரு பாத்திரம் கூடலாம். ஒரு நிகழ்ச்சி குறையலாம். காலமும் களமும் மாறலாம். அம்முறைமை குன்றினால், எத்துணைப் பொருட்செலவாலும் நடிப்பாலும் அதனை ஈடுசெய்தல் இயலாது. கொனன் டொயில் அதனை ஒரு மருத்துவனின் பேனாவில் வைத்துப் பேணினார். தொலைக்காட்சியின் நல்ல படைப்பாளர், அப்பேனாவுக்கு உரிய இடத்தைக் கமராவின் அருகே கண்டுபிடிப்பதையே தம் தொழிலாகக் கொண்டனர்.